நான்காவது நாற்காலி

விருது மேடையில் மதத்துக்கு ஒன்றாக மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆளில்லாத நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், கூடவே இருந்து பார்த்துக்கொள்வதற்காக விருது வாங்க வந்திருந்த குழுவிலோ நான்கு பேர். அவர்களில் ஒருத்தியான தையற்காரம்மா விழாப் பொறுப்பாளரிடம் போய் நின்றாள்.

"எங்க டிரைவருக்கு நாற்காலி இல்லையே, சார்."

"அவர் எந்த மதம்?"

"தம்பிக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது."

"இது மத நல்லிணக்க விருதும்மா. அவரை எந்தக் கணக்குல சேர்க்கறது?"

பின்னால் நின்ற டிரைவர் சிரித்தான். "விடுங்கக்கா. வேணும்னா விழா முடியற வரைக்கும் சாமி கும்பிட்டுக்கறேன்."

"நீ வாயை மூடு," என்றாள். பொறுப்பாளரிடம் திரும்பினாள். "தொழுகை, பூஜை, ஜெபம்னு நாங்க மூணு பேரும் ஆளுக்கொரு நேரம் எழுந்து போயிடுவோம், சார். அப்பல்லாம் நோயாளி கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தது இவன்தான்."

"நிகழ்ச்சி எல்லாம் முடிவாயிடுச்சேம்மா."

அவள் முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடையேறி, மற்ற மூன்றுக்கும் நடுவில் இடம்பண்ணிப் போட்டாள்.

"வாடா," என்றாள்.

டிரைவருக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு படியேறினான்.