புலி வரும் இடத்தில் தண்ணீர்

1

இந்தக் கதை தொலைபேசியில் கேட்ட ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. "ஏய், எனக்கு மார்க் கம்மிடி" என்றாள் அக்கா. பள்ளியில் முதலிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள். இன்று மனநல சிகிச்சையாளர். விபத்தின் அதிர்ச்சியிலிருந்து மீளாதவர்களைக் கண்மூடவைத்து, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொல்லவைப்பது அவள் வேலை. திரும்பத் திரும்ப, நினைவின் பிடி தளரும்வரை. ஆராய்ந்து, பலன் தரும் என்று கண்ட முறை. அது பிசகாமல் நடக்கிறதா என்று, ஒலிப்பதிவைக் கேட்டு மேலதிகாரி அம்மா மதிப்பெண் போடுவார்.

"ஏன் கம்மி?"

"தண்ணி குடுத்தேனாம்."

2

மழை கொட்டிய ஒரு மாலையில் அந்த ஓட்டுநர் —

வேண்டாம். என் கதைகளில் மழை வந்தால் யாராவது காதலிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

(ஓட்டுநர் என் கற்பனை. அறையில் கேட்டதை அக்கா வெளியே சொல்லமாட்டாள். எனக்குக் கிடைத்தது தண்ணீர் மட்டும்.)

மகளை வண்டியில் பள்ளிக்குக் கூட்டிப்போக வேண்டும். அவருக்கு அது போதும். ஆனால் சாவியை எடுத்த கையோடு திரும்ப ஆணியில் மாட்டிவிடுகிறார். கண்மூடிச் சொல்கிறார்: "வளைவு வருதும்மா... எதிர்ல லைட்டு..." குரல் உடைகிறது. அக்கா டம்ளரை நீட்டுகிறாள். "கொஞ்சம் தண்ணி குடிங்கண்ணா." குடித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் கண்விழித்த இடத்திலிருந்து தொடர்கிறார்.

"தண்ணி குடுத்தது தப்பில்லம்மா" என்கிறார் மேலதிகாரி. "எப்ப குடுக்கறீங்கன்னு ரெக்கார்டிங்ல கேளுங்க. வாராவாரம் அதே வளைவுல."

"அழறாரே, பாவம்."

"பாவம் பாத்துப் பாத்துத்தான் அவர் இன்னும் அங்கயே நிக்கறார்."

3

இங்கே கதையை விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் ஒரே போர்வைக்குச் சண்டைபோட்ட அறைக்குப் போகிறேன். அக்கா கதை சொல்வாள். புலி வரும் இடத்தில், "இரு, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்துபோவாள். திரும்பும்போது புலி போயிருக்கும். ராஜகுமாரிக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்.* எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன்! அந்தக் கல்யாணங்களைத்தான் இன்றுவரை எழுதிப் பிழைக்கிறேன்.

* "புலி எங்கக்கா போச்சு?" "அதுக்கும் தாகம்டி."

4

முடிவு ஒன்று: ஓட்டுநர் மகளை ஏற்றிக்கொண்டு — (மறுபடியும் கல்யாணம். அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: தாங்கமுடியாமல் அவர் எழுந்துபோய், பிறகு — (கை வரவில்லை.)

அடுத்த வாரம். வளைவுக்கு வந்துவிட்டார். குரல் உடைகிறது. டம்ளர் மேசையில் இருக்கிறது. அக்கா இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொள்கிறாள்.

"நான் இங்கதான் இருக்கேண்ணா. மேல சொல்லுங்க."

எனக்குத் தொண்டை வறள்கிறது. அடுக்களை நாலடிதான். எழுந்து போனால், திரும்பும்போது அவர் ஆஸ்பத்திரியில் இருப்பார்.

நான் போகவில்லை. நீங்களும் போகாதீர்கள். அவர் வாய் திறக்கிறார்.