ஓய்வு பெற்ற டிஸ்க்

திருச்சூரில் வறீது முதலாளியின் சீட்டுக் கம்பெனியில் இடி இறங்கியது. யார் எத்தனை தவணை கட்டினார்கள் என்பதெல்லாம் கம்ப்யூட்டரோடு கருகிப் போயிற்று. நகல் எடுத்த டிஸ்க் இருந்ததே என்றால், அதுவும் அந்தக் கம்ப்யூட்டரின் தலைமேல்தான் உட்கார்ந்திருந்தது.

"இன்னொரு தடவ போச்சுன்னா, நீயும் போயிக்க ரோசிலி" என்றார் முதலாளி. கம்பெனிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள் அவள்தான். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

ரோசிலி மூன்று டிஸ்க் வாங்கினாள். ஒன்றில் தினமும் பழசை அழித்துவிட்டுப் புதுசு. இன்னொன்றில் வாரம் ஒரு முறை. மூன்றாவதில் மாசம் ஒரு முறை. தப்பு நடந்தது தாமதமாகத் தெரிந்தாலும் மாச டிஸ்க்கில் பழசு பத்திரமாக இருக்குமில்லையா? சாயங்காலமானால் மூன்றும் வீட்டுக்குப் போய்விடும்.

போகவிட்டால்தானே! வாசலில் சுமைத் தொழிலாளர் சங்கத்துச் சுகதன் மறித்தான்.

"பையில என்ன சேச்சி?"

"டிஸ்க்கு, சேட்டா. உள்ளங்கை அளவுதான்."

"அளவு கேட்டனா? கம்பெனி சாமான் வாசல் தாண்டுனா நாங்கதான் தூக்கணும்."

அன்றிலிருந்து நாலு ஆட்கள் மூன்று டிஸ்க்கையும் பலகையில் வைத்து பஸ் நிறுத்தம் வரை தோளில் சுமந்தார்கள். மேட்டில் ஏறும்போது ஒருவன், "மெதுவாடா, இடுப்பு புடிச்சுக்கும்" என்று கத்துவான்.

தூக்குகிறவனுக்கு விவரம் தெரிய வேண்டாமா? சுகதன் கேட்டான். எந்த டிஸ்க்குக்கு எப்போது வேலை என்று ரோசிலியும் சொல்லித் தொலைத்தாள்.

"இந்தச் சின்னவன் தினம் சாகறான், அந்தத் தடியனுக்கு மாசத்துல ஒரே நாள் வேலையா? மூணு பேருக்கும் சமமா முறை வைங்க!" என்று கொதித்தான் சுகதன்.

"ஐயோ, அதுல தினம் எழுதினா பழசு அழிஞ்சிடும் சேட்டா. அவரு... அவரு சீனியர்."

"அதை முதல்லயே சொல்லக் கூடாதா? இந்த வயசுல அவர எதுக்கு வேலை வாங்கறீங்க?"

மறுநாளே மாச டிஸ்க்குக்கு மாலை போட்டு ஓய்வு கொடுத்தார்கள். முதலாளி வேண்டாவெறுப்பாக நாலு வார்த்தை பேசினார். டிஸ்க்கைச் சங்க ஆபீஸ் அலமாரியில் துண்டு விரித்து வைத்தார்கள்.

முதலாளியின் மருமகன் சும்மா இருப்பானா? கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு சீட்டின் அத்தனை பெயரையும் அழித்துவைத்தான். அது தெரியப் பத்து நாளாயிற்று. அதற்குள் தின டிஸ்க்கிலும் வார டிஸ்க்கிலும் அந்த வெறுமைதான் ஏறியிருந்தது. ரோசிலி சங்க ஆபீசுக்கு ஓடினாள்.

"ஓய்வு பெத்தவர திரும்ப வேலைக்குக் கூப்புடறீங்களா? வெக்கமா இல்ல?" என்றான் சுகதன்.

ரோசிலிக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள்.

"வேலைக்கில்ல சேட்டா. ஒரு எழுத்துகூட அவரு எழுத வேண்டாம். தெரிஞ்சதைச் சொல்லிட்டுப் போனா போதும்."

"சாட்சியா?"

"சாட்சிதான்."

சுகதன் மற்றவர்களைப் பார்த்தான். "சாட்சி சொல்றது வேலை இல்லடா. ஆட்டோ கூப்புடு. பெரியவர பலகையிலயா கொண்டுபோறது?"

டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டியதும் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நாலு பேரும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றார்கள். பாதியிலேயே முதலாளி, "வந்துடுச்சுல்ல, கழட்டு" என்றார்.

"பெரியவர் பேசறப்போ குறுக்க பேசாதீங்க முதலாளி" என்று அதட்டினான் சுகதன்.

முதலாளி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். கடைசிப் பெயரும் வந்த பிறகு, மெல்லிய குரலில், "ரோசிலி, நாளைக்கு நேரத்தோட வந்துடு" என்றார்.