முதல் இழுப்பு

வந்தவனின் பூட்ஸில் ஒரு மீன் செதில்கூட ஒட்டியிருக்கவில்லை. ஈரானின் புஷேர் துறைமுகத்தில் தேநீர்க் கடை நடத்தும் கோலந்தாம், அப்படிப் பளபளக்கும் கால்களை அதிகாரிகளிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். "ஒரு ஹுக்கா, அக்கா" என்று சொல்லிவிட்டு, சமையலறைத் திரை தெரிகிற மூலையாகப் பார்த்து உட்கார்ந்தான்.

கடைக்குள் பெண்கள் ஹுக்கா குடிக்கக் கூடாதென்று உத்தரவு. போன வருஷம் அதற்காக ஒரு தடவை சீல் வைத்துவிட்டார்கள். இன்னொரு தடவை என்றால் உரிமமே போய்விடும். ஆனால் கரியை வைத்தால் மட்டும் ஹுக்கா புகைந்துவிடுமா? யாராவது வாய் வைத்து நாலு இழுப்பு இழுத்து எழுப்பித் தர வேண்டும். அது அவள் புருஷன் ஹைதரின் வேலை. அவன் இடுப்பு பிடித்து வீட்டில் கிடக்கிறான். நாலு நாளாகத் திரைக்குப் பின்னால் நின்று அவளேதான் இழுத்து எழுப்புகிறாள். இது படகோட்டி ஸாயர் கோலு ஒருவருக்குத்தான் தெரியும். அவரும் இப்போது எதிர்ப் பலகையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்.

இன்று அவள் இழுக்கவில்லை. கரியை வைத்து அப்படியே கொண்டுவந்து வைத்தாள்.

"புகையவே இல்லையேக்கா. நீங்களே ரெண்டு இழு இழுத்துக் குடுங்களேன்."

"பொம்பள இழுக்கலாமா? சட்டம் தெரியாதா உங்களுக்கு?"

"நேத்து வந்த என் கூட்டாளி, அந்தக்கா பிரமாதமா எழுப்பிக் குடுத்தாங்கன்னானே!"

அவள் கோலுவைப் பார்த்தாள். அவர் கோப்பைக்குள் பார்த்தார்.

"இங்க குடு தங்கச்சி, நான் இழுக்குறேன்" என்றார்.

"உங்களுக்குத்தான் டாக்டர் புகையே வேணாம்னுட்டாரே பெரியவரே" என்றான் வந்தவன்.

கோலு நிமிர்ந்தார். "அது உனக்கெப்படிடா தெரியும்?"

"உங்க இருமல் சொல்லுதே." அவன் சிரித்தான்.

சிரித்தபடியே குழாயை வாயில் வைத்து, உள்ளே இழுப்பதற்குப் பதிலாக ஊதிவிட்டான். தண்ணீர் குபுக்கென்று மேலேறி, புகையிலையை நனைத்துக் கரியிலும் தெறித்தது. கோலு தொடையில் அடித்துக்கொண்டார். "பால்குடி மாறாத பயல அனுப்பிருக்கானுவ!"

யார் அனுப்பியது என்று கோலந்தாம் கேட்கவில்லை. புகையிலையை மாற்றினாள். புதுக் கரி வைத்து ஓலை விசிறியால் வீசினாள். விசிறியால் கரிதான் சிவக்கும், புகை வராது. அது அவனுக்கும் தெரிந்திருந்தது போல. குழாய் முனையைக் கைக்குட்டையால் பொறுமையாகத் துடைத்து அவள் பக்கம் நீட்டினான். "எப்படி இழுக்கணும்னு ஒரே ஒரு தடவ காட்டுங்கக்கா."

அவள் வீசினாள். பொறிகள் பறந்து பூட்ஸ்மேல் விழுந்தன. அவன் காலை நகர்த்தவில்லை. நீட்டிய கையையும் மடக்கவில்லை.