கொசுவலைக்கு அப்பால் நாலு பேட்டரி

1

இந்தக் கதைக்குக் காரணம் கோபம். அதைவிட உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. போன மாதம் ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருந்த பேட்டரிகளை எப்படி இணைப்பது என்று இன்னொருவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சோலார் வேலை என்னுடையது. எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிப்பும் என்னுடையது. எங்கள் வீட்டின் முதல் டிகிரி. உள்ளே போகத்தான் வழியில்லை. எல்லாம் சரியாக நடந்தது. சாயங்காலம் விளக்கு எரிந்தது. ‘ரொம்ப நன்றிம்மா’ என்றார்கள். அது எரிந்ததுதான் எனக்கு ஆறவில்லை. அதனால் என் இடத்தில் சுடர்விழி என்று ஒருத்தியை நிறுத்தி எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘காவிரி பாய்ந்து பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற வயல்களின் நடுவே’

வேண்டாம். அந்தப் பட்டில் நாற்று நட்டவள் என் அம்மா. அவள் முதுகுவலி அந்த வாக்கியத்தில் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: தஞ்சாவூர் பஸ்ஸில் வந்து மதகடியில் இறங்கி, கருவிப் பையோடு வரப்பில் நடந்தாள் சுடர்விழி. வயலுக்கு நடுவே புது வீடு. கரண்ட் கம்பம் அதுவரை வரவில்லை, சோலார்தான் கதி. கூரையில் பேனல் ஏற்றும்வரை வீட்டுக்காரப் பையன் ராம்கி ‘மேடம், மேடம்’ என்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அவன் அம்மா பிரகதாம்பாள் வெளியே வந்தார்.

“எந்த ஊரும்மா?”

சொன்னாள்.

“அங்க எந்தத் தெரு?”

அதையும் சொன்னாள். (பொய் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பவர் இங்கேயே எழுந்து போகலாம்.)

“அப்படியா, நல்லது. பேட்டரி ரூமுக்குப் பூஜை ரூமைத் தாண்டித்தான் போவணும். நீ ஏன் சிரமப்படுற? கொல்லைப்பக்கம் ஜன்னல் இருக்கு. அங்கேருந்து சொல்லு, ராம்கி மாட்டிடுவான்.”

“சிரமம் இல்லைங்க. என் வேலைதான்.”

“பரவாயில்லம்மா.”

3

பிரகதாம்பாளுக்கு முதலில் ஒரு கொடூர முகம் கொடுத்தேன். அடித்துவிட்டேன். சிரித்த முகத்தோடுதான் அவர் சொன்னார். டீகூடக் கொடுத்தார். [பேப்பர் கப்பில். இதையும் அடித்தேன். நடந்ததுதான், ஆனால் நீங்கள் அதற்குப் பழகிவிட்டீர்கள்.]

4

ஜன்னலில் கொசுவலை அடித்திருந்தது. உள்ளே சதுரமாக நாலு பேட்டரி.

“சொல்லும்மா” என்றான் ராம்கி.*

“ஒண்ணாவதோட மைனஸை ரெண்டாவதோட பிளஸ்ஸுக்குக் கொடுங்க. அப்படியே மூணு, நாலு. மொத்தம் மூணு ஒயர்தான். கடைசியில மிச்சமிருக்குற பிளஸ்ஸும் மைனஸும் இன்வெர்ட்டருக்கு.”

“தெரியும் தெரியும். யூடியூப்ல பார்த்திருக்கேன்.”

நிஜத்தில் அவன் சரியாக மாட்டினான். கதையில் அவன் கையில் நாலாவதாக ஒரு ஒயரைக் கொடுத்திருக்கிறேன். சதுரத்தில் மூன்று பக்கம் ஒயர், ஒரு பக்கம் காலி. பார்க்க நன்றாக இல்லை என்று அதையும் மூடப் போகிறான். மூடினால் ஷார்ட். ஒயர் பழுக்கும், கை வேகும், பேட்டரி வெடிக்கவும் கூடும்.

“வைக்காதீங்க!”

இதற்கு மாற்று வடிவம் கிடையாது. யார் கையானாலும் சுடர்விழி கத்துவாள்.

நின்றுவிட்டான். ஆனால் ஒரு முனையைப் பிளஸ்ஸில் முறுக்கி முடித்திருந்தான். மறுமுனை அவன் பிடியில், மைனஸுக்கு நேர் மேலே. விறைப்பான ஒயர், விட்டால் அங்கேதான் போய் விழும். ஒற்றைக் கையால் அவிழ்க்க வரவில்லை. பக்கத்தில் நிற்கும் பிரகதாம்பாளுக்குத் தொடப் பயம். டேப், கையுறை, உறை போட்ட ஸ்பானர் எல்லாம் சுடர்விழியின் பையில் இருக்கின்றன. கொசுவலை வழியாக எதையும் நீட்ட முடியாது.

* ‘மேடம்’ தெருப் பெயர் சொல்லும்வரைதான். சரிபார்க்க விரும்புகிறவர்கள் இரண்டாம் பகுதிக்குப் போகலாம்.

5

நாகூரில் இருக்கும் தோழி அனீஸாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

“உள்ள ஓடிக் காப்பாத்த விடுடீ. அந்தம்மா அழுதுகிட்டே கையைப் பிடிச்சுக்கட்டும். முடிஞ்சுது கதை.”

“அவங்க திருந்துறதுக்கும் நாமதான் ஓடணுமா?”

“அப்ப வெடிக்க விடு.”

“விட்டா அவளைத்தான் கெட்டவம்பாங்க.”

“ரெண்டும் வேணாம்னா பேட்டரிக்குப் பதிலா நீ வெடி, போ.”

முடிவு அ: ‘சுடர்விழி பாய்ந்து நுழைந்தாள். பிரகதாம்பாள் கண்ணீர் மல்க’ எழுதும்போதே குமட்டியது.

முடிவு ஆ: ‘பையை மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்தாள். பின்னால்’ இல்லை. அவள் அப்படிப் போக மாட்டாள்.

முடிவு இ: பிரகதாம்பாள் கூப்பிடுகிறார். நியாயமான முடிவு இதுதான். “உள்ள வாம்மா” என்று எழுதினேன். அவர் வாயில் ஒட்டவில்லை. “வாங்க” என்று மாற்றினேன்; எனக்கே சிரிப்பு வந்தது. அந்தக் குரலை நான் கேட்டதேயில்லை. எப்படி எழுதுவது?

6

சுடர்விழி ஜன்னலை விட்டு முன்வாசலுக்கு வந்துவிட்டாள். கையுறையும் போட்டாயிற்று. கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே ராம்கி இன்னும் அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பூஜை அறை இருக்கும். அதைத் தாண்டி யார் வரலாம் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களை எந்தக் குரலில் கூப்பிடுவீர்களோ, அதே குரலில் இவளைக் கூப்பிடுங்கள். மனதுக்குள் அல்ல, வாய்விட்டு.

சீக்கிரம். அவனால் ரொம்ப நேரம் பிடித்திருக்க முடியாது.