வாய்விட்டுச் சொன்ன விளம்பரம்

சட்டம் போட்டவர்கள் நல்லவர்கள்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இவள் கம்பெனிக்காரனுக்குக் கொடி பிடிக்கிறாள் என்பீர்கள்.

நானும் என் நாத்தனாரும் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு தையல் மெஷின் போட்டு பிரா தைத்து விற்கிறோம். புற்றுநோய் வந்து ஒரு மார்பை எடுத்துவிட்ட பெண்களுக்கானது. உள்பக்கம் ஒரு பை, அதற்குள் ஒரு பேடு. கடையில் விற்கிற பேடு வெறும் பஞ்சு. நாலு அடி நடந்தால் மேலே ஏறிக்கொள்ளும். நாத்தனார் அதற்குள் கனம் வைத்துத் தைப்பார். தன் ஆபரேஷனுக்குப் பிறகு தனக்காகவே தைத்துப் பழகிய கை. அந்த ஆபரேஷன் எங்கள் வீட்டையும் அவர் மகனையும் தவிர யாருக்கும் தெரியாது. சம்பந்தி வீட்டில் பித்தப்பையில் கல் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

இந்த அறையில் தொழில் ஓடுகிறவரை அவர் இங்கேயே தங்கி இருக்கலாம். ஓடாவிட்டால் மகன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். "வாங்கம்மா, பிள்ளைங்களப் பாத்துக்கிட்டு ராணி மாதிரி இருக்கலாம்" என்று அவனும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அந்த ராணிக்கு அங்கே சமையலறையை ஒட்டிய இடுக்கில்தான் கட்டில் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

வியாபாரம் வாயைத் திறக்காமலே நடந்தது. 'மென்மையான உள்ளாடை, உங்கள் அளவுக்கே' என்று ஒரு வரி, பை தெரிகிற மாதிரி ஒரு படம். அவ்வளவுதான் விளம்பரம். யாருக்குக் காட்ட வேண்டும் என்பதை ஃபோனுக்குள் இருக்கும் அந்தப் பெரிய கம்பெனி பார்த்துக்கொண்டது. யார் எதைத் தேடினார்கள், எந்த ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தார்கள், எல்லாம் அதற்குத் தெரியும். பெண்கள் 'இடது' என்றோ 'வலது' என்றோ அனுப்புவார்கள். நாங்களும் மேலே ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். எங்களுக்குள்ளேயே 'அது' என்றுதான் பேச்சு.

ஒருத்தி மட்டும் ஒருநாள் ஃபோனில் கத்தினாள்.

"யாருங்க நீங்க? நேத்துதான் டாக்டர் சொன்னாரு. வீட்டுக்காரர்கிட்டகூட நான் இன்னும் சொல்லல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எங்களுக்குத் தெரியாது, ஃபோனுக்குத்தான் தெரியும் என்றால் அவள் நம்புவாளா?

பிறகு சட்டம் வந்தது. ஒருவருடைய நோயைப் பார்த்து விளம்பரம் காட்டக் கூடாது, மீறினால் கம்பெனிக்கு அபராதம். அந்தப் பெண்ணுக்காகவே வந்த சட்டம், நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு குறை சொல்ல? ஆனால் கம்பெனிக்கு ஒரு துரும்பும் குறையவில்லை. செருப்பு விளம்பரமும் சோப்பு விளம்பரமும் ஜோராக ஓடிக்கொண்டிருக்க, எங்களுக்குத்தான் ஆர்டர் நின்றுபோனது. நாத்தனார் தைத்ததையே பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எல்லாருக்கும் காட்டறான் அக்கா. ஆம்பளைங்களுக்கும் போகுது" என்றேன். விளம்பரத்துக்குக் கீழே கண்டவனும் கண்டதை எழுதியிருந்தான். படிக்க வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஜென்மமா? ஒன்று விடாமல் படித்தார்.

"வேணுங்கறவளும் இதப் பாத்துட்டுத் தாண்டிப் போயிருப்பாம்மா. தனக்குத்தான்னு அவளுக்கு எப்படித் தெரியும்? நாமதான் ஒண்ணுமே சொல்லலையே."

"என்ன சொல்லணுங்கறீங்க?"

"உள்ளதை."

கழுத்துவரை பட்டன் போட்ட சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தார். நான் ஃபோனில் வீடியோ எடுத்தேன்.

"எனக்கு இடது மார்புல புத்துநோய் வந்துச்சு. மார்பை எடுத்துட்டாங்க. இப்ப போட்டிருக்கறது நானே தைச்சது. வித்தியாசம் தெரியுதான்னு பாருங்க. வேணும்னா சொல்லுங்க, தைச்சுத் தரேன்."

'மார்பு' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவரை இப்படிச் சொல்ல வைத்துவிட்டோமே என்று எல்லோர் மேலும் ஆத்திரமாகவும் வந்தது.

அந்த வீடியோவையே விளம்பரமாகப் போட்டோம். சாயந்திரம் மகன் கூப்பிட்டான். அவன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"என்னம்மா அசிங்கம் இது? மாமனார் பாத்துட்டு என்னைக் கேக்கறாரு. தலைகாட்ட முடியல. உடனே அதை அழிங்க. இல்லேன்னா இந்த வீட்டுப் பக்கமே வராதீங்க."

"சரிப்பா" என்று வைத்துவிட்டார்.

"என்னக்கா, சரின்னுட்டீங்க?"

"காது கேட்டுச்சுன்னு சொன்னேன்."

மறுநாள் காலையில் பார்த்தால் வீடியோவைக் காணோம். ஆபாசமாக இருந்ததால் நீக்கப்பட்டது என்று கம்பெனியிலிருந்து ஒரு அறிவிப்பு. "ஆபாசமாம்! கட்டையில போறவனுங்க!" என்று கத்தினேன். கத்தி என்ன? அங்கே உட்கார்ந்து பார்க்க ஆள் கிடையாதாம், கம்ப்யூட்டரே பார்த்து நீக்கிவிடுமாம். நீக்குவதற்குள் ஒரே ஒருத்தி எழுதியிருந்தாள். 'வலது மார்பு. தைச்சுத் தருவீங்களா அக்கா?'

கொஞ்ச நேரத்தில் மகனிடமிருந்தும் செய்தி வந்தது. 'தேங்க்ஸ்மா, அழிச்சிட்டீங்க. கோபத்துல பேசிட்டேன். ரூமைக் காலி பண்ணிடுங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.'

"அவனா அப்படி நினைச்சுக்கிட்டான், நினைச்சுட்டுப் போகட்டும். நாம ஒண்ணும் பொய் சொல்லலையே" என்றேன். உண்மையில் நான் ஓய்ந்துபோயிருந்தேன். ஒரு ஆர்டரை வைத்துக்கொண்டு யாரோடு மல்லுக்கட்டுவது? இவருக்குப் போக ஒரு வீடாவது மிஞ்சட்டும் என்றிருந்தது.

அவர் அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"நான் அழிக்கலப்பா. கம்பெனிக்காரன் நீக்கிட்டான். இன்னைக்குத் திரும்பப் போடப் போறேன்."

"ஹலோ" என்றார். இன்னொரு தடவை "ஹலோ" என்றார். அவன் வைத்துவிட்டிருந்தான்.

ஃபோனை என்னிடம் நீட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். இதையும் நீக்கிவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நேத்து சொன்னதையே சொல்லட்டுமா?" என்று கேட்டார்.