பெட்டிகளுக்குப் பின்னால்

சூப்பர்வைசர் பட்டாபிராமன் கேமரா டேப்பை நிறுத்தினார். திரையில் தையல்நாயகியின் முதுகு அப்படியே நின்றது. அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து நிற்கிற, வெள்ளைத் தொப்பி போட்ட ஒருத்தி. கை ரவிக்கைக்குள் இருப்பது மேலிருந்து பார்க்கும்போதும் தெரிந்தது. தன் முதுகை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"ஸ்டோர்ல பார்ட்ஸ் குறையுதும்மா. நீ டெய்லி அங்க போய் நிக்கிற. என்ன எடுத்து உள்ள வைக்கிற?"

"ஒண்ணும் எடுக்கல சார்."

"அப்போ என்ன பண்ற?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கேமரா மாட்டிய மறுநாள் லைனில் எல்லாரும் பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பக்கத்து ஸ்டூல் கிளியம்மாள் அதன் கீழே நின்று தலையைச் சாய்த்துக் காட்டினாள். "இன்னாடி பயந்துகினு கீற? வெறும் டப்பாடி அது. வொயரே காணோம் பாரு. நம்மள மெரட்ட மாட்டி வச்சிக்கீறானுங்க." தையல்நாயகியும் அண்ணாந்து பார்த்தாள். வயர் இல்லை. ஸ்டோர் மூலையில் இருந்ததற்கும் இல்லை. வயர் சுவருக்குள் போகும் என்று இருவருக்கும் தெரியாது.

தாம்பரம் ஏற்றுமதி வளாகத்தில் அந்தக் கம்பெனி கல்யாணமாகாத பெண்களைத்தான் எடுத்தது. அவளும் ஆகவில்லை என்று சொல்லிச் சேர்ந்தாள். செம்பாக்கத்தில் அம்மாவிடம் கைக்குழந்தை இருந்தது. அதன் அப்பன் பம்பாய்க்குப் போனவன், திரும்பவில்லை. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மார்பு கல்லாகிவிடும். கழிவறைக்கு டோக்கன் வாங்க வேண்டும். உள்ளே போனால் அடுத்தவள் கதவைத் தட்டுவாள். பெட்டிகளுக்குப் பின்னால் யாரும் வருவதில்லை. பாலைக் கைக்குட்டையில் பிழிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு வருவாள். யாரோடும் அவள் ஒட்டவில்லை. பழகினால் வீட்டுக்கு வருவார்கள். வந்தால் தூளியைப் பார்ப்பார்கள். "வூட்டுக்கு எப்போடி கூப்ட்டுகினு போவ? மாப்ளய ஒளிச்சி வச்சிக்கீறியா?" என்று கிளியம்மாள் கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

"மேனேஜர் இன்னும் பாக்கல." பட்டாபிராமன் மேசையைப் பார்த்துப் பேசினார். "பாத்தா சோதனை போடச் சொல்வாரு. அப்புறம் போலீஸ். நீயே சொல்லிடும்மா."

திருடி என்றால் வேலை போகும். உண்மையைச் சொன்னாலும் போகும்.

"பால் சார்."

"என்ன?"

"கைக்கொழந்த கீது சார். பால் கட்டிக்கும்."

அவர் அவசரமாகக் கையை நீட்டி டேப்பை அணைத்தார். "இத்தனை நாளா நான் பாத்துக்கிட்டே..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "இங்கயே இரும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மேனேஜர் அறைக்கா, வேறெங்காவதா என்று காலடிச் சத்தத்தில் தெரியவில்லை.

டேப் அணைந்ததும் திரையில் இப்போதைய ஹால் தெரிந்தது. வெள்ளைத் தொப்பிகள் வரிசையாகக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தன. எது யாரென்று சொல்ல முடியாது. ஒரு ஸ்டூல் மட்டும் காலியாக இருந்தது. தையல்நாயகி அருகில் போய் நின்று பார்த்தாள். பக்கத்து ஸ்டூல்காரி தலையைத் தூக்காமலே கையை நீட்டி, காலி ஸ்டூலுக்கு முன்னால் கிடந்த பார்ட்ஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்த வேலையையும் தொடங்கினாள்.