நாற்பதாவது சுலோகத்தில் உப்பு

நாகேஸ்வரனுக்கு நாற்பத்தைந்தாவது வயதில் ஓர் ஆசை வந்தது. தாம் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு யாராவது ஒருவர், "நன்னாருக்கு, இன்னும் ஒரு கரண்டி போடுங்கோ" என்று சொல்ல, அதைத் தம் காதால் கேட்க வேண்டும். சாவதற்குள் ஒரு தடவை கேட்டால் போதும்.

சமையற்காரருக்கு இது ஒரு பெரிய ஆசையா என்று நீங்கள் கேட்கலாம். அவர் எந்த அடுப்பில் சமைத்தார் என்று தெரிந்தால் கேட்க மாட்டீர்கள். வலியசாலை அக்கிரகாரத்துக் கோயில் ஒன்றில் இருபத்தேழு வருஷமாக மடைப்பள்ளி அவர் பொறுப்பு. அவர் சமையலைச் சாப்பிடுகிறவர் சுவாமி. சுவாமி ஒரு நாளும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை, மோசம் என்று முகம் சுளித்ததும் இல்லை. அப்புறம் பிரசாதமாக வாங்கிச் சாப்பிடுகிற மனிதர்களாவது வாயைத் திறப்பார்களா என்றால், அதுவும் கிடையாது. பிரசாதத்துக்கு ருசி சொல்லக்கூடாது என்பது அந்தத் தெருவின் கட்டுப்பாடு. புகழ்ந்தாலும் குற்றம், குறை சொன்னாலும் குற்றம். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் போய்விட வேண்டும். அவர் மனைவி சுப்புலக்ஷ்மியும் அப்படித்தான் போவாள். மடைப்பள்ளிக்காரர் வீட்டு அடுப்பைத் தொடுவதில்லையாதலால் வீட்டுச் சமையலும் அவளுடையதே. அதற்கு அவர் ருசி சொல்வார், அவள் கேட்டுக்கொள்வாள்.

இன்னொரு கட்டுப்பாடு இதைவிடக் கடுமை. சுவாமிக்குப் படைக்கும் முன்னால் எதையும் நாக்கில் வைக்கக்கூடாது. வாசனையைக்கூட வேண்டுமென்று இழுத்துப் பார்க்கக்கூடாது, மூக்கு தானாக எடுத்துக்கொண்டால் மன்னிப்பு உண்டு. பதினெட்டாம் வயதில் மடைப்பள்ளிக்குள் நுழைந்த அன்று நாகேஸ்வரன் விளக்கைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தார். எந்த அடுப்பில் இருப்பதையும் நாக்கில் வைக்கமாட்டேன், வைத்தால் அன்றே சாவியைக் கொடுத்துவிட்டுப் போவேன் என்று சத்தியம். கோயில் அடுப்பு என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பதினெட்டு வயது வீறாப்பு, எந்த அடுப்பிலும் என்று சொல்லிவைத்துவிட்டார்.

பின்னே உப்பு எப்படிப் போடுவார்? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். உலை ஏறியதும் ஒரு நீண்ட ஸ்தோத்திரத்தை ஆரம்பிப்பார். பன்னிரண்டாவது சுலோகத்தில் பருப்பு, இருபத்தைந்தில் புளித்தண்ணீர், நாற்பதாவது சுலோகத்தில் உப்பு ஒரு கையும் அரைக் கையும். வாய் பாட்டுக்குச் சொல்லும், கை பாட்டுக்குப் போடும், நாகேஸ்வரன் நடுவில் சும்மா நிற்பார்.

இப்படி இருந்த மனிதரைக் கெடுத்தது பழவங்காடியில் ஒரு காப்பி ஹோட்டல். ஒரு நாள் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அந்த வழியாக வந்தபோது உள்ளே ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "பேஷ்! யாரய்யா ரசம் வச்சது?" என்று சத்தம் போட்டார். சமையற்கட்டிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து இளித்தது. அந்த இளிப்பை நாகேஸ்வரனால் மறக்க முடியவில்லை. ராத்திரி பகல் அதே நினைப்பு. தமக்கு அப்படி இளிக்க இந்த ஜன்மத்தில் வாய்ப்பில்லை என்று நினைத்தபோது அவருக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது.

கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் வருகிற நயினார் பிள்ளை என்ற குமாஸ்தாதான் வழி காட்டினார். நாகர்கோவில்காரர். கரமனையில் சிவகாமியம்மாள் நடத்துகிற மெஸ்ஸில் அவருக்கு மத்தியானச் சாப்பாடு. அங்கே சமையல் ஆள் போய்விட்டான், நல்ல ஆள் தேடுகிறார்கள் என்றார். நாகேஸ்வரன் இரண்டு நாள் யோசித்தார். ஒரு நாள் மட்டும் போய்ச் சமைத்துப் பார்ப்பது, பிடித்தால் அங்கே, பிடிக்காவிட்டால் கோயிலிலேயே இருந்துவிடுவது என்று திட்டம். கோயிலுக்கு ஜுரம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். காரியம் சரிப்படாவிட்டால் மறுநாள் ஜுரம் இறங்கிவிடும். ஒரு காலை வீட்டிலும் ஒரு காலை ஓடத்திலும் வைத்துக்கொள்வதில் ஆசாமி கெட்டிக்காரர்தான்.

"எந்துக்கு இந்த வயசிலே இப்படி ஒரு புத்தி?" என்று சுப்புலக்ஷ்மி கையைப் பிசைந்தாள். "அங்கேயும் போச்சு, இங்கேயும் போச்சுன்னா என்ன பண்றது? எனக்குப் பேடியா, பயமா இருக்கு, கேட்டேளா?"

"எனக்கு மாத்திரம் இல்லையா?" என்று சொல்லிவிட்டு நாகேஸ்வரன் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சிவகாமியம்மாள் ஐம்பது வயதுக்காரி. திருநெல்வேலியிலிருந்து வாழ வந்து, புருஷன் போன பிறகு தனியாக நின்று மெஸ் நடத்துகிறவள். வாசலிலேயே அவரை நிறுத்திச் சட்டத்தைச் சொல்லிவிட்டாள்.

"சாமி, ஒண்ணு சொல்லிருதேன். எங்கிட்ட வந்து உப்புப் பாருங்க, புளிப்புப் பாருங்கன்னு நிக்கப்படாது. இன்னிக்குக் கிருத்திகை, நான் பச்சைத்தண்ணி குடிக்கமாட்டேன். பழைய ஆளை அதுக்காகத்தான் போகச் சொன்னது. சமைக்கியவனுக்கு நாக்கு எதுக்கு இருக்கு? இன்னிக்கு நாப்பது இலை. ஆளுக சாப்பிட்டு எந்திரிச்சதும் நான் சொல்லுவேன், நாளைக்கு வரணுமா வேண்டாமான்னு. மனசிலாச்சா?"

"மனசிலாச்சும்மா."

"விரதம் பாத்து இன்னிக்கு உள்ளி கிடையாது. நாளையிலேருந்து உண்டு."

நாகேஸ்வரன் வாழ்நாளில் வெங்காயம் உரித்ததில்லை. நாளைக்குத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

அடுப்பு புதிது, விறகு புதிது, கரண்டியின் காம்புகூட அவர் கைக்கு நீளம். ஆனாலும் ஸ்தோத்திரம் பழையதுதானே என்று ஆரம்பித்தார். சாதம் வடித்தாயிற்று. எரிசேரிக் கூட்டும் ரசமும் முடிந்தன. அவை சின்னப் பாத்திரம், சுலோகமும் சறுக்கவில்லை. கடைசியாகப் பெரிய வெண்கல உருளியில் சாம்பார். பன்னிரண்டு, இருபத்தைந்து எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. முப்பத்தெட்டாவது சுலோகத்தில் சிவகாமியம்மாள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"சாமி, மோரைத் தாளிக்கவா, அப்படியே விடவா?"

கோயில் மடைப்பள்ளியில் வேலை நடக்கும்போது யாரும் பேசமாட்டார்கள். ஒரு பெண்பிள்ளை திடீரென்று கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தாளிச்சுடலாம்" என்றார். அவள் போய்விட்டாள். அப்போதுதான் தம் வாய் என்ன முணுமுணுக்கிறது என்று கவனித்தார். அது நாற்பத்துமூன்றாவது சுலோகம்.

வாய் அவரைக் கேட்காமலே முன்னால் போய்விட்டிருந்தது. கையும் போயிற்றா?

நாகேஸ்வரன் கையைப் பார்த்தார். ஈரமாக இருந்தது. உப்பு ஈரமா, வேர்வையா? உப்பு மரவையைப் பார்த்தார். காலையில் எவ்வளவு இருந்தது என்று அவர் பார்த்து வைத்திருக்கவில்லை. பார்த்து வைக்க அவசியம் என்ன, இருபத்தேழு வருஷமாகக் கை அல்லவா கணக்கு? சாம்பார் பாட்டுக்குக் கொதித்தது. அதன் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

போடவில்லை என்று நினைத்து இப்போது போட்டு, ஏற்கெனவே போட்டிருந்தால் நாற்பது பேரும் துப்பிவிட்டு எழுந்திருப்பார்கள். போட்டாயிற்று என்று விட்டு, போடாமல் இருந்தால் பாராட்டைக் கேட்க வந்தவர் பரிகாசத்தைக் கேட்டுக்கொண்டு போவார். இலை ஓரத்தில் உப்பு வைக்கலாம்தான். சாம்பாருக்கு இலையில் உப்பு வைக்கிற சமையற்காரனை நாளைக்கு யார் வரச் சொல்வார்கள்? சிவகாமியம்மாளைக் கேட்க முடியாது. மெஸ்ஸில் வேலை செய்கிற உலகம்மை இலை நறுக்கத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். இருந்தாலும் அவளைச் சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் அடுத்த நிமிஷம் அம்மாள் காதுக்கு எட்டிவிடும். இருப்பது ஒரே நாக்கு, அது அவருடையது. அதை அவர் விளக்கின்மேல் சத்தியமாகக் கட்டிப்போட்டிருந்தார்.

பொய் ஜுரம் சொல்லத் துணிந்தவர் இதையும் மறைத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றியது. ஒரு சொட்டு, யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அவருக்கு வேறு ஒரு பயம். ஒரு தடவை நாக்கு ருசி கண்டுவிட்டால் நாளைக்கு மடைப்பள்ளியில் நிற்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். அவர் சொல்லாமலே காரியங்களைச் செய்து பழகிய கை அது. அந்தக் கையை இனி அவரே நம்ப முடியாது. ஆக, இந்தச் சொட்டை நாக்கில் வைத்தால் கோயில் போயிற்று. வைக்காவிட்டால் மெஸ் போயிற்று. இரண்டு பக்கமும் கதவு சாத்துகிற சத்தம் கேட்பதுபோல இருந்தது.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. ஆபீஸ் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நயினார் பிள்ளை, "அம்மா, இன்னிக்கு நம்ம கோயில் சாமி சமையலாக்கும். ஒரு பிடி பிடிக்கணும்" என்று பெருமையாகச் சொல்வது கேட்டது. நாகேஸ்வரனுக்குக் கொல்லை வழியாக ஓடிவிடலாமா என்று இருந்தது. ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டார். வெட்கமாக இருந்தது, திரும்பி வந்தார்.

கரண்டியில் கொஞ்சம் எடுத்தார். உள்ளங்கையில் விட்டுக்கொண்டார். சுட்டது. பாதி கீழே சிந்திற்று. கண்ணை இறுக மூடிக்கொண்டு, மிச்சத்தை நாக்கில் வைத்தார்.

உப்பே இல்லை.

புளி இருந்தது, காயம் இருந்தது, கொத்தமல்லி இருந்தது, உப்பு மட்டும் இல்லை. நாகேஸ்வரன் ஒரு கையும் அரைக் கையும் போட்டுக் கிளறினார். மறுபடி உள்ளங்கையில் விட்டுப் பார்த்தார். இன்னும் ஒரு சிட்டிகை. மறுபடி பார்த்தார். அதற்குமேல் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, இருந்தும் பார்த்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. புகையினால் என்று வைத்துக்கொண்டார்.

நாற்பது பேரும் சாப்பிட்டார்கள். ஒருவரும் பேஷ் என்று சத்தம் போடவில்லை. ஆபீஸுக்குத் திரும்புகிற அவசரத்தில் குனிந்த தலை நிமிராமல் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். நயினார் பிள்ளைகூட மேலதிகாரியைத் திட்டுவதில் மும்முரமாக இருந்தார். நாகேஸ்வரன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். பந்தியின் கடைசியில் முகம் தெரியாத ஒருவர், பேச்சை நிறுத்தாமலே இடது கையால் இலையைக் காட்டினார். நாகேஸ்வரனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு சாம்பார் விட்டார். அவர் அதையும் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

சிவகாமியம்மாள் காலி உருளியைச் சாய்த்துப் பார்த்தாள். "காலையிலே ஏழு மணிக்கு வந்திருங்க, சாமி. உள்ளியை உலகம்மை உரிச்சுத் தருவா" என்றாள். அவ்வளவுதான் அவள் புகழ்ச்சி.

மறுநாள் பொழுது விடிந்ததும் நாகேஸ்வரன் மடைப்பள்ளிச் சாவியை எடுத்துக்கொண்டு அனந்தபத்மநாபய்யர் வீட்டுக்குப் போனார். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். பேச்சு குறைவு, முகத்தில் சிரிப்பு அதைவிடக் குறைவு. அவரைக் கண்டாலே நாகேஸ்வரனுக்கு நடுக்கம்.

"ஜுரம் தேவலையா?" என்றார் அய்யர்.

"ஜுரமே இல்லை, மாமா. பொய் சொன்னேன்." சாவியைக் கீழே வைத்தார். "நேத்திக்குக் கரமனையிலே ஒரு மெஸ்ஸிலே சமைச்சேன். உப்புப் பார்த்துட்டேன்."

அய்யர் சாவியைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நாகேஸ்வரன் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"போட்டிருந்தயா?"

"இல்லை, மாமா. மறந்துட்டேன்."

"அப்போ பார்த்தது நல்லதாப் போச்சு." அய்யர் சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

ராத்திரியெல்லாம் நாகேஸ்வரனைத் தூங்கவிடாத கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்காமல் போக முடியவில்லை. "மாமா, இங்கேயும் மறந்திருப்பேனோ?"

"ஏழு தடவை. வெண்பொங்கல் அஞ்சு, புளியோதரை ரெண்டு."

நாகேஸ்வரனுக்குத் தலை சுற்றியது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"பிரசாதத்துக்கு எப்படிக் குத்தம் சொல்றது?"

நாகேஸ்வரன் நமஸ்காரம் செய்துவிட்டு வாசல் வரை வந்துவிட்டார். பின்னாலிருந்து அய்யர் கூப்பிட்டார்.

"நாகேஸ்வரா, இப்போ நீ மடைப்பள்ளியிலே இல்லை. அதனாலே சொல்லலாம்." அய்யர் எழுந்து வாசல்படிக்கு வந்தார். "உன் நெய்ப்பாயசம் இருக்கே, அதுக்காகவாக்கும் நான் இடவப்பாதி மழையிலேயும் உச்சபூஜைக்கு வந்தது. ஒரு கரண்டி கூடக் கிடைக்குமான்னு பார்த்துண்டே நிப்பேன். கேக்க வெட்கம். நான் மட்டுமில்லை, தெருவிலே பாதிப் பேரும் அதுக்காகத்தான் வந்தா."

நாகேஸ்வரனுக்குப் பழவங்காடி ஹோட்டல்காரனைப்போல ஒரு இளிப்பு இளிக்க வேண்டிய நேரம் அது. முகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சாவியைத் திருப்பிக் கேட்கக் கை பாதி தூரம் நீண்டது. உள்ளங்கையில் நேற்றுச் சுட்ட இடம் சிவப்பாகத் தெரிந்தது. கையை மடக்கிக்கொண்டார்.

"போய்ட்டு வரேன், மாமா."

ஏழு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். கரமனைப் பக்கம் வேகமாக நடந்தார். உள்ளி போட்ட சாம்பாருக்கு எத்தனை கை உப்பு என்று அவருக்குத் தெரியாது.